மாத்திரை தொடங்கியதும் படபடப்பு கூடுகிறதே?

கேள்வி: பதற்றத் தாக்குதலுக்கு டாக்டர் எஸ்சிடாலோபிராம் 5 மி.கி. கொடுத்திருக்கிறார். நான்கு நாளில் படபடப்பு அதிகமாகிவிட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். எஸ்சிடாலோபிராம் போன்ற பதற்றம் குறைக்கும் மாத்திரைகள், மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளின் அளவை உடனே மாற்றினாலும், நரம்புகள் அதற்குப் பழகி நிதானமடைய 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 3 மாதம்கூட ஆகலாம். முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை, உள்நடுக்கம் வரலாம். அதனால்தான் பாதி அளவான 5 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 10 ஆக்குகிறார்கள். குமட்டினால் சாப்பிட்டபின் போடுங்கள். தூக்கம் கெட்டால் காலையில் போடுங்கள். படபடப்பு தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது சில வாரங்களுக்கு மட்டும் குளோனசெபாம் என்ற, பதற்றத்தைச் சீக்கிரம் தணிக்கும் மாத்திரையைச் சேர்ப்பார். அது பழக்கமாகிவிடும் மருந்து, நீட்டிக்கக் கூடாது. மதுவோடு சேர்ந்தால் ஆபத்து.

உயிரை விடும் எண்ணம் வந்தால் (25 வயதுக்குட்பட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்) அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றலும், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வும் வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.