ஃபேன் ஓடியும் இரவில் உடம்பு நனைய வியர்க்கிறது, இது நோயா?

புழுக்கமே இல்லாத இரவிலும் பனியன், தலையணை உறை எல்லாம் நனைந்து சட்டை மாற்ற வேண்டியிருந்தால், 'உடம்புச் சூடு' என்று தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடைக்குறைவு இவையும் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசம். இருமலே இல்லை, ஆனால் கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி இருக்கிறதா? நிணநீர்க் கணுவில் (நெறி கட்டும் இடத்தில்) வரும் காசநோயாகவோ, லிம்போமா என்ற புற்றுநோயாகவோ இருக்கலாம். ஆறு மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்ததா என்று மருத்துவர் கேட்பது அதனால்தான்.

இன்சுலின் போடுபவர்கள் கதை வேறு: தூக்கத்தில் சர்க்கரை இறங்கினாலும் வியர்த்துக் கொட்டும்; உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களுக்கு இரவு வியர்வை சகஜம்தான். அப்புறம், சில மனச்சோர்வு மாத்திரைகளும் காரணமாகும். மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.