கணக்குக்கு ஒரு கைரேகை

கேள்வி: கோத்தகிரி அருகே ஐந்து பேர் சேர்ந்து சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஷூ, மழைக்கோட்டு, நோட்டு வாங்கித் தருகிறோம். வெளியூர் நன்கொடையாளர்கள், பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார்கள். பிளாக்செயின் என்ற டிஜிட்டல் பதிவேட்டுக்கு மாறி, சொந்த டோக்கன் (நாமே வெளியிடும் டிஜிட்டல் நாணயம்) போடச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: டோக்கன் வேண்டாம். நன்கொடை வங்கியிலும் யுபிஐயிலுமே வரட்டும். பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயமாக, அதாவது கிரிப்டோவாகக் கொடுப்பவருக்கு, நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையும் கிடைக்காது.

எழுதியதை யாரும் பின்னால் சத்தமில்லாமல் திருத்திவிடாமல் காப்பதுதான் பிளாக்செயினின் வேலை. எழுதியது உண்மையா என்பது அதற்குத் தெரியாது. 40 ஜோடி ஷூ வாங்கி 60 என்று பதிந்தால் அந்தப் பொய்யும் அழியாமல் இருக்கும்.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2017-இல் ஜோர்டானின் அஸ்ராக் முகாமில் சிரிய அகதிகளுக்கு உதவ பிளாக்செயினைப் பயன்படுத்தியது. முகாம் கடையில் கருவிழியைக் காட்டிப் பொருள் வாங்கினால், அவர் கணக்கில் தொகை கழியும். நான் அதில் முக்கியமாகப் பார்ப்பது, பொருள் கைமாறிய இடத்திலேயே பதிவும் நடந்ததைத்தான். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

விநியோகம் நடக்கும்போதே வரிசை எண், ஷூ அளவு, பெற்றோர் கையெழுத்து மூன்றையும் வாங்கிவிடுங்கள். அறக்கட்டளையில் இல்லாத ஒருவர், ஆசிரியர் என்றால் நல்லது, எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடட்டும். கடை பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். மெஷினில் வரும் அந்த வழவழத்தாள் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். நம் ஊர் ஈரத்தில் பேனா மையும் கசியும்.

அப்புறம் மாதக் கடைசியில் வங்கி அறிக்கை, பில்கள், விநியோகப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். எஸ்எச்ஏ-256 என்ற கணிப்பு முறை அந்தக் கோப்புக்கு 64 எழுத்துகளில் ஒரு கைரேகை தரும். கோப்பில் ஒரு ரூபாயை மாற்றினாலும் அது அடியோடு மாறிவிடும். ஓப்பன் டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசச் சேவை அந்தக் கைரேகையைப் பிட்காயினின் பிளாக்செயின் சங்கிலியில் நேர முத்திரையாக, அதாவது அது அந்த நேரத்திலேயே இருந்தது என்பதற்குச் சான்றாக, பதிந்து தருகிறது. நீங்கள் கிரிப்டோ வாங்க வேண்டியதில்லை. உங்கள் கோப்பும் அந்தச் சேவைக்குப் போகாது.

இதில் ஓர் ஓட்டை உண்டு. இரண்டு விதமாகக் கணக்கெழுதி இரண்டுக்குமே முத்திரை வாங்கிவிட முடியும். அதனால் கைரேகையை அன்றே நன்கொடையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளின் பெயரும் படமும் சங்கிலியில் ஏறவே கூடாது. ஒரு குழந்தையின் வறுமையை அழிக்க முடியாத இடத்தில் எழுதிவைக்க நமக்கு உரிமை இல்லை. நன்கொடையாளருக்குப் போகும் கோப்பில் வரிசை எண் போதும்; பெயரும் கையெழுத்தும் உள்ள பதிவேடு உங்கள் பீரோவில் இருக்கட்டும். நேரில் வந்து சரிபார்க்க விரும்பும் தணிக்கையாளருக்குக் காட்டுங்கள்.

முதல் மாதக் கோப்பை ஒரே ஒரு நன்கொடையாளரிடம் கொடுத்து, அவரையே கைரேகையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எங்கே அவர் தடுமாறுகிறாரோ, அந்த இடத்துக்கு எளிய தமிழில் இரண்டு வரி விளக்கம் எழுதிச் சேர்த்தபின் மற்றவர்களுக்கு அனுப்பலாம்.