13 குழுக்கள், ஒரே நாள்: நாக் அவுட் அட்டவணை போடுவது எப்படி?

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறையில் எங்கள் இளைஞர் மன்றம் எழுவர் காற்பந்துப் போட்டி நடத்துகிறது. 13 குழுக்கள் பதிந்துள்ளன. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாக் அவுட் முறையில் முடிக்க வேண்டும். "முதலில் ஆறு ஆட்டம் வைப்போம், மிஞ்சும் குழுவை அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடலாம்" என்கிறார் செயலாளர். சரிதானா?

பதில்: வேண்டாம். அப்படிச் செய்தால் இரண்டாம் சுற்றில் ஏழு குழுக்கள் நிற்கும். அங்கேயும் ஒன்று மிஞ்சும். குலுக்கலில் இரண்டு முறையும் ஒரே குழுவுக்கு அதிர்ஷ்டம் அடித்தால், பந்தைத் தொடாமலேயே அது அரையிறுதிக்குப் போய்விடும். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

ஆடாமலேயே அடுத்த சுற்றுக்கு அனுப்புவதை 'பை' (bye) என்பார்கள். அதைக் கொடுப்பதை முதல் சுற்றோடு முடித்துவிடுங்கள். 4, 8, 16 என்ற வரிசையில் 13-ஐத் தாண்டி வருவது 16. அதில் 13 போனால் மூன்று. ஆக, மூன்று குழுக்களுக்குப் பை. மீதிப் பத்தும் ஐந்து ஆட்டம் ஆடும். ஜெயித்த ஐந்தோடு இந்த மூன்றும் சேர்ந்தால் காலிறுதிக்கு எட்டு. அப்புறம் எந்தச் சுற்றிலும் இடிக்காது.

பை யாருக்கு? போன வருடம் முன்னணியில் வந்தவர்களுக்குக் கொடுங்கள். முதல் இரண்டு குழுக்களையும் அட்டவணையின் எதிரெதிர்ப் பாதிகளில் வையுங்கள். இது முதல் வருடம் என்றால் எல்லா கேப்டன்களையும் வைத்துக்கொண்டு சீட்டுக் குலுக்குங்கள்.

ஓர் ஆட்டத்துக்கு ஒரு குழு வெளியேறும். 12 குழுக்கள் வெளியேற வேண்டும், எனவே 12 ஆட்டம். இடைவேளையும் சேர்த்து அரை மணி என்றால் ஒரே திடலில் ஆறு மணி நேரம். காலை எட்டுக்குத் தொடங்கினால் இரண்டுக்கு முடியும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. நிபோங் திபாலிலிருந்து வேன் பிடித்து வரும் பையன்கள் இருபதே நிமிடம் ஆடிவிட்டுத் திரும்புவது நியாயமே இல்லை. முதல் சுற்றில் தோற்ற ஐந்து குழுக்களுக்குத் தனியாக 'பிளேட்' கிண்ணம் வையுங்கள். நான்கு ஆட்டம்தான் கூடும். திடலைக் குறுக்கே பிரித்து இரண்டு ஆட்டம் ஒரே நேரத்தில் நடத்தினால், மொத்தம் 16 ஆட்டமும் நாலரை மணி நேரத்தில் முடியும்.

சமநிலையானால் கூடுதல் நேரம் வேண்டாம், நேராகப் பெனால்டி. முன்பு சமநிலையைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்ததும் உண்டு: 1968 ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேல் சீட்டுக் குலுக்கலில் பல்கேரியாவிடம் தோற்றது. பெனால்டி முறை அனைத்துலக விதியில் சேர்ந்தது 1970-இல். அதற்காகப் பாடுபட்டவர்களில் மலேசியரான கோ இயூ தெய்க்கும் ஒருவர். குழுவுக்கு ஐந்து பெனால்டியா மூன்றா என்பதை அட்டவணைக் குலுக்கல் நாளன்றே எழுதிக் கேப்டன்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.