‘ஐ7’ என்ற பெயருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான். கேம் விளையாடவும் பிறகு படிப்புக்கும் ஒரு கணினி வேண்டும் என்கிறான். கனடாவில் இருக்கும் என் தம்பி இதற்கென்று 2 இலட்சம் ரூபா அனுப்பியிருக்கிறார். தெரிந்த ஒருவர் கொழும்பிலிருந்து ‘கோர் ஐ7, 16 ஜீபி றாம், 8 ஜீபி கிராபிக்ஸ்’ உள்ள கேமிங் கணினியை 165,000 ரூபாவுக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். மகனோ பாகங்களை வாங்கித் தானே பூட்டுவேன் என்று நிற்கிறான். நான் எதைச் செய்வது? (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தகப்பன்)

பதில்: ஐயா, மகன் சொல்வதைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்தவருக்கு இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டீர்கள் என்றால், மிகுதியைக் கொடுப்பதற்கு முன்பு அந்த ஐ7 இன் முழு இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழைய உழவு இயந்திரம் வாங்கப் போனால் எந்த ஆண்டில் வந்தது என்று கேட்காமல் நீங்கள் விலை பேசமாட்டீர்கள். கணினிக்கும் அதே கேள்விதான். கணினியின் மூளையான புரொசஸருக்கு இன்டெல் நிறுவனம் ஐ7 என்ற பெயரை 2008 முதல் பாவித்து வருகிறது. இங்கே ‘கேமிங்’ என்ற பெயரில் வந்து இறங்கும் மலிவான பெட்டிகளில் நான் அதிகம் காண்பது 2600, 3770 என்ற இலக்கங்களைக் கொண்டவை. முதலாவது 2011 இலும் இரண்டாவது 2012 இலும் வந்தது. 2022 இல் வந்த ஐ3 12100எஃப் என்ற புரொசஸருக்கும் 3770 ஐப் போலவே நான்கு கோர்கள்தான் (கணக்குப் போடும் பகுதிகள்) இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலை மிகவும் கூடியதாகையால், பெயரில் சிறியதான ஐ3 விளையாட்டில் பழைய ஐ7 ஐ இலகுவாக முந்திவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14 உடன் முடித்துவிட்டது. அந்தப் பழைய ஐ7 களுக்கு விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொப்ட் அதிகாரபூர்வமாகத் தருவதில்லை. வலரன்ட் போன்ற விளையாட்டு விண்டோஸ் 11 இல் ஓடுவதற்கு மதர்போர்ட்டில் (எல்லாப் பாகங்களும் பூட்டப்படும் பலகையில்) கேட்கும் பாதுகாப்பு வசதிகளும் அந்தப் பழைய போர்ட்டுகளில் கிடையாது.

‘8 ஜீபி கிராபிக்ஸ்’ என்பதும் இதே வகையான பேச்சு. ஜீபி என்பது திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் காட் என்ற பாகத்தின் நினைவக அளவு மட்டுமே, வேகத்தை அது சொல்லாது. அந்த விலைக்குள் 8 ஜீபி என்றால், பெரும்பாலும் அது 2017 இல் வந்த ஆர்.எக்ஸ் 580 ஆகத்தான் இருக்கும். 2022 செப்டெம்பரில் எத்தேரியம் என்ற இணைய நாணயத்தைக் கிராபிக்ஸ் காட்டால் எடுக்கும் முறை நின்றுபோனபோது, இரவு பகலாக ஓடிக் களைத்த காட்டுகள் துடைக்கப்பட்டுப் புதுப் பெட்டிகளுக்குள் சந்தைக்கு வந்தன. அதே பெயரில் 2048எஸ்பி என்று ஒன்றும் உண்டு. அது 580 அல்ல, ஒரு படி குறைந்த 570 க்குச் சமமானது. இவையாவது உண்மையான காட்டுகள். முழுப் பொய்யும் வருகிறது. போன வருடம் ஒரு பையன் என்னிடம் கொண்டுவந்த காட்டில் ஜீரீஎக்ஸ் 1050 ரிஐ என்று பளபளவென ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது, ஆனால் பின்பக்கத்தில் பழைய மொனிற்றர் வயர் செருகும் நீல நிற வீஜீஏ துளை இருந்தது. அந்த இனக் காட்டை வடிவமைத்தவர்கள் அதில் வீஜீஏ வைக்கவில்லை. ஜீபியூ இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டபோது, பெயருக்கு முன்னால் ‘போலி’ என்ற ஆங்கிலச் சொல் அடைப்புக்குறிக்குள் வந்து நின்றது. விற்றவருடைய தொலைபேசி அன்றிலிருந்து வேலை செய்யவில்லை. அந்தப் பையனிடம் பற்றுச்சீட்டும் இல்லை.

ஆகவே பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பாகத்தின் முழு இலக்கமும் தொடரிலக்கமும் அதில் இருக்க வேண்டும். இடையில் நிற்பவர் கொழும்பு பம்பலப்பிட்டியில் தன் பெயருக்கு வாங்கினால் உத்தரவாதமும் அவருக்குத்தான். ‘ஒரு வருடம்’ என்று வாயால் சொல்லிவிட்டு, சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் 350 நாள் என்று போடுவார்கள். எரிந்த அடையாளம் இருந்தால் உத்தரவாதம் இல்லை என்றும் அதே இடத்தில் இருக்கும். 2024 ஜனவரி முதல் கொழும்பில் இருப்பவர் கொடுக்கும் அதே 18 வீத வற் வரியைத்தான் ஒட்டுசுட்டானில் இருப்பவரும் கொடுக்கிறார். ஆனால் ஒரு பாகம் பழுதானால், கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் அதைத் தூக்கிக்கொண்டு போய், ‘இரண்டு கிழமை கழித்து வாருங்கள்’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியவர் வன்னியில் இருப்பவர்தான். இறக்குமதி செய்பவர்கள் வடக்கில் பொருளை ஏற்றுக்கொள்ளும் ஒரு மேசையைக்கூடப் போடாமல் இத்தனை வருடமாக விற்றுக்கொண்டிருப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. முடிந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தாமே உத்தரவாதத்தைப் பொறுப்பேற்கும் கடையில் வாங்குங்கள். சில ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

இனி, வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை. இதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள், ஏனென்றால் விளம்பரத்தில் அதற்கு இடமில்லை. பெட்டியோடு இலவசமாக வரும் ‘600 வாட்ஸ்’ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், வெறும் பிஸ்கட் ரின் போலப் பாரமில்லாமல் இருக்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் 12 வோல்ற் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை அம்பியர் என்று பார்க்க வேண்டும். 18 என்று இருந்தால் 12 ஐ 18 ஆல் பெருக்குங்கள்: 216 வாட்ஸ். கிராபிக்ஸ் காட்டும் புரொசஸரும் உண்பது அந்தக் கட்டத்திலிருந்துதான். நேர்மையான 550 வாட்ஸ் ஒன்றில் அந்த இடத்தில் ஏறக்குறைய 45 அம்பியர் இருக்கும். அதே சீட்டில் உள்ளே வரும் மின்சாரத்தின் அளவையும் பாருங்கள். 100 இலிருந்து 240 வோல்ற் வரை என்று இருந்தால் நல்லது. பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது பழைய அமைப்பு, விட்டுவிடுங்கள். மாலையில் வயல்கிணறுகளில் மோட்டர்கள் ஓடும்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 ஐ நானே என் மீற்றரில் பார்த்திருக்கிறேன். முதல் வகை அந்த இறக்கத்தைத் தாங்கும், இரண்டாவது வகை கணினியை நிறுத்தி நிறுத்திப் போட்டு, ஒரு நாள் மதர்போர்ட்டையும் கொண்டுபோகும். வீட்டில் எர்த் கம்பி உண்மையில் நிலத்தில் இறங்கியிருக்கிறதா என்று மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஐப்பசி மழையோடு இடி தொடங்கினால் பிளக்கை மட்டுமல்ல, இணைய வயரையும் கழற்றிவிட வேண்டும்.

2 இலட்சத்துக்கு என் தெரிவு இது. புரொசஸர் ஐ3 12100எஃப், அதற்கேற்ற சாதாரண எச்610 மதர்போர்ட், 8 ஜீபி றாம் இரண்டு, எல்லாவற்றையும் சேமித்து வைக்க 500 ஜீபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் புரொன்ஸ் முத்திரையுள்ள 550 வாட்ஸ் பவர் சப்ளை, ஆர்.எக்ஸ் 6600 கிராபிக்ஸ் காட். மொத்தப் பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அந்தக் காட்டுக்கே போக வேண்டும். கேசிங்கின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும், தூசு வடிகட்டி ஒன்றும் இருக்கட்டும். வண்ண விளக்குகளுக்குச் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் மொனிற்றரைப் பற்றி எழுதவில்லை. வீட்டு ரிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் இப்போதைக்கு அதில் பார்க்கலாம். மொனிற்றரும் இதே பணத்துக்குள் வர வேண்டும் என்றால் மட்டும் நான் சொன்ன பட்டியல் மாறும். அப்போது கிராபிக்ஸ் காட்டை ஒத்திவைத்து, படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கும் றைசன் 5 5600ஜீ என்ற புரொசஸரை, அதற்கேற்ற மதர்போர்ட்டோடு (எச்610 இதற்குப் பொருந்தாது) வாங்க வேண்டும். அந்த ‘ஜீ’ எழுத்தில் கவனமாக இருங்கள். 5600 என்றும் 5500 என்றும் எழுத்தில்லாமல் இருப்பவற்றில் படம் வராது, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கடைக்காரர் சொன்னாலும் வராது. இந்த வழியில் போனால் 16 ஜீபி றாமை ஒரே துண்டாக வாங்கக் கூடாது; 8 ஜீபி இரண்டு துண்டுகளாகப் போட்டால்தான் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தன் வேகத்தைக் காட்டும். புதிய பாரமான விளையாட்டுகள் இதில் திணறும். வலரன்ட் நன்றாக ஓடும். தம்பி அடுத்த முறை அனுப்பும்போது 6600 ஐ வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம், மதர்போர்ட்டையோ றாமையோ மாற்றத் தேவையில்லை. ஆனால் அதற்காகப் பவர் சப்ளையை இன்றே 550 ஆக வாங்கிவிட வேண்டும்.

பாகங்கள் பஸ்ஸில் வருவதாக இருந்தால், கிராபிக்ஸ் காட்டைக் கேசிங்குக்குள் பூட்டி அனுப்ப விடாதீர்கள்; ஏ9 வீதியைத் தாண்டி உள்வீதியில் குலுங்கும்போது அது இருக்கும் துளையை உடைத்துவிடும். எல்லாம் தனித்தனிப் பெட்டியில் வரட்டும். இன்டெல் போர்ட்டில் புரொசஸர் இருக்கும் குழியின் ஊசிகளில் மகனுடைய விரல் படக் கூடாது, வளைந்தால் உத்தரவாதம் போய்விடும். பூட்டி முடித்ததும் படம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். மொனிற்றர் வயரை மதர்போர்ட்டில் செருகாமல் கீழேயுள்ள கிராபிக்ஸ் காட்டில் செருகச் சொல்லுங்கள்; ‘எஃப்’ எழுத்துள்ள புரொசஸரில் மேலே செருகினால் எதுவும் தெரியாது.