நானோ ஆராய்ச்சிக்குப் போகலாமா? கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். பிஎச்.டி.க்கு நெட் எழுதவா, கேட் எழுதவா?

பதில்: இரண்டும் எழுதுங்கள், படிப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் உதவித்தொகை உங்கள் பெயரில் வரும். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வழிகாட்டியின் புராஜெக்ட் முடிந்தால் என்ன ஆகும் என்ற கவலை இல்லை. பணம் சில சமயம் தாமதமாகும், கையில் கொஞ்சம் வைத்திருங்கள்.

கேள்வி: நல்ல வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அவரிடம் நான்காம் வருடம் படிப்பவருக்கு போன் போடுங்கள். எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் கருவி) சொந்த லேபில் இருக்கிறதா, டெம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் எடுக்க எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், சீனியர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? இதெல்லாம் தெரிந்த பிறகு பேப்பர் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும்.

கேள்வி: ஜிங்க் ஆக்சைடு செய்தேன். எக்ஸ்.ஆர்.டி. பீக்கின் அகலத்திலிருந்து அளவு கணக்கிடும் ஷெரர் சூத்திரத்தில் 18 நானோமீட்டர் வருகிறது, செம் (வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் 200 தெரிகிறது. எது தப்பு?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ஷெரர் தருவது ஒரு படிகத்தின் அளவு. செம்மில் தெரிவது பல படிகங்கள் ஒட்டிய துகள். ஆனால் அந்த 18-ஐயும் உடனே நம்பாதீர்கள். எக்ஸ்.ஆர்.டி. பீக்கை (வரைபடத்தில் எழும் முகட்டை) கருவியே கொஞ்சம் அகலமாக்கும், படிகத்துக்குள் இருக்கும் திரிபும் அகலமாக்கும். லாந்தனம் ஹெக்ஸாபோரைடு போன்ற தரப்பொடியை அதே கருவியில் ஓட்டி, கருவியின் பங்கைக் கழியுங்கள். திரிபைப் பிரிக்க வில்லியம்சன்-ஹால் வரைபடம் போடுங்கள். அகலம் ரேடியனில் இருக்கிறதா, சூத்திரத்தின் கோசைனுக்குள் கருவி காட்டும் இரண்டு தீட்டா கோணத்தை அப்படியே போடாமல் அதில் பாதியான தீட்டாவைப் போட்டீர்களா என்றும் பாருங்கள். வைவாவில் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். அப்புறம், 18.37 என்று தசமம் போட்டு எழுதாதீர்கள், அந்தத் துல்லியம் இந்த முறைக்குக் கிடையாது.

கேள்வி: எங்கள் கல்லூரியில் டெம் இல்லை.

பதில்: பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. ஐ-ஸ்டெம் தளத்தில் அரசு நிறுவனங்களின் கருவிகளைத் தேடிக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யலாம். அனுமதி கிடைத்தால் சாம்பிளை கூரியரில் அனுப்பாமல் நேரில் போய் உட்காருங்கள்.

கேள்வி: நானோ மோகம் முடிந்துவிட்டதே, வேலை கிடைக்குமா?

பதில்: குவாண்டம் புள்ளிகள் என்ற நானோ துகள்களுக்கு 2023-ல்தான் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். ஆனாலும் 'நானோ ஆள் தேவை' என்று விளம்பரம் அதிகம் வராது. பேட்டரி, பூச்சு, வினையூக்கி, செமிகண்டக்டர் என்று தேடுங்கள். நேர்முகத்தில் எந்தக் கருவியை நீங்களே இயக்கினீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு இப்போதே பதில் சேர்க்க ஆரம்பியுங்கள்.