வாசகர் கேள்வி – பதில்: பழைய ஃபர் கோட்டின் வயதும் இனமும்

கேள்வி: எங்கள் தெருவில் காலமான ஒரு மூதாட்டியின் வீட்டுப் பொருள்களை விற்றபோது, கறுப்பு ஃபர் கோட் ஒன்றை வாங்கினேன். வெல்வெட் போன்ற குட்டையான முடி. தோள்களில் தடித்த பேட். முன்புறத்தில் பெரிய கொக்கிகள். உள்ளே தைத்திருக்கும் லேபிளில் கடையின் பெயரும், ‘செவன்த் அவென்யூ, நியூயார்க் 1’ என்ற முகவரியும், இரண்டு எழுத்துகளும் ஐந்து இலக்கங்களும் கொண்ட தொலைபேசி எண்ணும், ‘ஹட்சன் சீல்’ என்ற பெயரும் உள்ளன. இது உண்மையிலேயே சீல் (கடல்நாய்) தோல்தானா? எத்தனை ஆண்டுப் பழமையானது?
— வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: லேபிள் சொல்வது உண்மையானால், உங்களிடம் இருப்பது சீல் தோல் அன்று. வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் மஸ்க்ராட் என்னும் கொறிக்கும் விலங்கின் தோலிலிருந்து நீண்ட மேல்முடிகளைப் பிடுங்கி நீக்கி, அடியிலுள்ள மென்முடியை ஒரே மட்டமாகக் கத்தரித்து, கறுப்புச் சாயம் ஏற்றினால் அது விலையுயர்ந்த அலாஸ்கா சீல் தோலைப் போலவே தோன்றும்; அதைத்தான் வணிகர்கள் ஹட்சன் சீல் என்று விற்றார்கள். இப்படிச் சாயமேற்றிய முயல் தோலுக்குச் ‘சீலைன்’ என்றும், ஸ்கங்க் தோலுக்கு ‘அலாஸ்கா சேபிள்’ என்றும் பெயர் சூட்டிய அந்தக் கால ஃபர் வணிகத்தில், விலங்கின் உண்மைப் பெயரைக் கேட்டு வாங்கும் பொறுப்பு முழுவதும் வாங்குபவர் தலையில்தான் இருந்தது.

லேபிளை மட்டும் நம்பாமல், தோலையும் பார்த்துவிடுங்கள். ஃபர் கோட்டுகளின் லைனிங்கைக் கீழ் விளிம்பில் தைக்காமல் தொங்கவிடுவது வழக்கம் என்பதால், அதைத் தூக்கித் தோலின் உட்புறத்தை எளிதாகக் காணலாம். மஸ்க்ராட் ஏறத்தாழ ஓர் அடி நீளமே உள்ள சிறு விலங்கு. ஆகவே ஒரு கோட்டுக்குப் பல தோல்கள் வேண்டும், உட்புறத்தில் தையல்கள் நெருக்கமாக ஓடும். சீல் தோல் பெரியது என்பதால் தையல்கள் மிகக் குறைவாகவே இருக்கும். அடுத்து, முடியின் மீது வாயால் ஊதி வகிடு பிரித்துப் பாருங்கள்: நுனி கறுப்பாகவும், சாயம் முழுமையாக எட்டாத அடிப்பகுதி நீலம் கலந்த சாம்பல் நிறமாகவும் இருந்தால், அது மஸ்க்ராட் என்பதற்கு நல்ல சான்று. உள்ளங்கையால் தேய்க்கும்போது முடி கொத்தாக உதிர்ந்து, தோலும் மெல்லியதாகத் தோன்றினால், முயலாக இருக்குமோ என்று ஐயப்படலாம்.

வயதைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியுள்ள முகவரி ஒரு புதையல் என்றே சொல்வேன். மன்ஹாட்டனின் செவன்த் அவென்யூவை ஒட்டி, மேற்கு 27 முதல் 30 வரையிலான தெருக்களில்தான் ஃபர் கடைகளும் பட்டறைகளும் குவிந்திருந்தன. நியூயார்க் தொலைபேசி எண்கள் மூன்று எழுத்து, நான்கு இலக்கம் என்ற முறையிலிருந்து இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம் என்ற முறைக்கு மாறியது 1930 டிசம்பரில்; எனவே லேபிள் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் நிற்கும் ‘1’ இன்னும் துல்லியமானது. அனுபவமுள்ள அஞ்சல் ஊழியர்கள் போருக்குச் சென்றுவிட, புதியவர்கள் கடிதங்களைப் பிரிக்கத் திணறியதால், பெருநகரங்களுக்கு 1943இல் இத்தகைய மண்டல எண்கள் கொடுக்கப்பட்டன. 1963இல் ஐந்திலக்க ஜிப் குறியீடு வந்ததும் அவை வழக்கொழிந்தன.

மேல் எல்லையைத் தருவது சட்டம். 1951இல் இயற்றப்பட்டு 1952 ஆகஸ்ட் 9 முதல் நடைமுறைக்கு வந்த ஃபர் பொருள்கள் லேபிளிடும் சட்டத்தின்படி, விலங்கின் உண்மைப் பெயரையும், சாயமேற்றப்பட்டதா என்பதையும், எந்த நாட்டுத் தோல் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘ஹட்சன் சீல்’ என்று மட்டும் பொறித்த லேபிள் அதற்கு முந்தையதாகவே இருக்க வேண்டும். ஆனால் சட்டப்படியான விவரச் சீட்டை வாங்கியவர்கள் கத்தரித்துவிடுவதும் உண்டு என்பதால், அது இல்லை என்பதை மட்டும் வைத்து எந்தக் கோட்டையும் 1952க்கு முன் தள்ளிவிடக் கூடாது.

எனவே 1943க்கும் 1952க்கும் இடைப்பட்ட காலம் கிடைக்கிறது. தடித்த தோள் பேட் அந்தப் பத்தாண்டின் முற்பகுதிக்கு உரியது. 1947 பிப்ரவரியில் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் காட்டிய ஆடைகளுக்குப் பிறகு தோள்கள் சரிந்து வளையத் தொடங்கின. உங்கள் கோட் 1943க்கும் 1948க்கும் இடையில் தைக்கப்பட்டது என்பதே என் கணிப்பு. பையில் பழைய ரசீது இருந்து, அதில் 20 விழுக்காடு கூட்டாட்சி வரி சேர்க்கப்பட்டிருந்தால், விற்பனை 1944க்கும் 1954க்கும் இடையில் நடந்தது என்று உறுதி செய்யலாம்.

ஓர் எச்சரிக்கை: பழுது பார்த்த கடைகள் லைனிங்கை மாற்றும்போது தங்கள் லேபிளைத் தைத்துவிடுவது சாதாரணமாக நடந்ததுதான். லேபிளைச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் தெரிந்தாலோ, கோட்டின் மற்றப் பகுதிகளைவிட லைனிங் புதிதாகத் தோன்றினாலோ, மேலே சொன்ன ஆண்டுகள் பழுது பார்த்த நாளையே குறிக்கும்; ஃபர் அதைவிட மூத்ததாக இருக்கலாம்.

கேள்வி: என்னிடமுள்ள பழுப்பு நிறக் கோட்டில் லேபிளே இல்லை. மிங்க்கா, முயலா, செயற்கையா என்று எப்படி அறிவது?
— வாசகர், ஸ்கார்பரோ

பதில்: முதலில் முடியைப் பிரித்து அடியைப் பாருங்கள். துணி நெசவோ பின்னலோ தெரிந்தால் அது செயற்கையாகவே இருக்கும். ஐயம் தீராவிட்டால், உள்மடிப்பிலிருந்து இரண்டு மூன்று முடிகளை மட்டும் எடுத்து இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள்; அசல் முடி தலைமுடி பொசுங்கும் நாற்றத்துடன் பொடியாகும், செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

மிங்க் என்பது கீரி போன்ற சிறு விலங்கு; அதன் மேல்முடி குட்டையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். எதிர்த்திசையில் தடவினாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நல்ல மிங்க் கோட்டின் உட்புறத்தில் அரை சென்டிமீட்டர் அகலச் சாய்வுத் துண்டுகளை வரிவரியாக இணைத்த தையல்களைக் காணலாம். ஒரே தோலை அப்படி நறுக்கித் தைத்துக் கோட்டின் முழு நீளத்துக்கும் நீட்டுவது அக்காலக் கைவினைஞர்களின் முறை. மலிவான முயல் தோலுக்கு அவ்வளவு உழைப்பைச் செலவிட யாரும் முன்வரவில்லை.

இரண்டு வாசகர்களுமே அணிந்து பார்க்கும் முன் தோலை மெதுவாக மடித்துப் பாருங்கள். காகிதம் நொறுங்குவது போன்ற ஒலி கேட்டால் தோல் உலர்ந்து உளுத்துவிட்டது; அணிந்தால் தோள் தையலிலேயே கிழியும். தோல் இன்னும் நெகிழ்ந்து கொடுத்தால், பிளாஸ்டிக் உறையில் போடாமல், அகலமான ஹேங்கரில் குளிர்ந்த இருட்டான இடத்தில் தொங்கவிடுங்கள்.