மாலையில் கொறிக்கிறான், இரவில் சாப்பிட மறுக்கிறான்: என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பள்ளி விட்டு வந்ததும் தொலைக்காட்சி முன் அமர்ந்து பிஸ்கட், சிப்ஸ் என்று ஏதாவது கொறித்துக்கொண்டே இருக்கிறான். இரவில் காய்கறியைத் தொடுவதில்லை; அதட்டித்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது. விளையாடவும் போவதில்லை. ஊட்டச்சத்து பானப் பொடி கொடுத்தால் ஈடுகட்ட முடியுமா?

பதில்: பொடி வேண்டாம். இத்தகைய பொடிகள் பலவற்றில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைப் பாலில் கலந்து மாலையில் குடிக்கும் குழந்தைக்கு இரவில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பசியும் போய்விடும். சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரி உண்ணும் சிறுவனுக்கு இது 40 கிராம், அதாவது ஏறத்தாழ 10 தேக்கரண்டி. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் மகன் மாலையில் சாப்பிடுவது தவறில்லை. மதிய உணவு முடிந்து பல மணி நேரம் கழித்து வரும் குழந்தைக்கு உண்மையாகவே பசிக்கும். பாக்கெட்டோடு திரைமுன் அமர்வதால் எப்போது போதும் என்பது அவனுக்கே தெரியாமல் போகிறது என்பதுதான் சிக்கல். ஆகவே வந்த கால் மணி நேரத்துக்குள், தட்டில் வைத்து, உட்கார்ந்து உண்ணும்படி முழுமையான சிற்றுண்டி கொடுங்கள்: பழம், அதனுடன் முட்டையோ வேகவைத்த பயறோ கொட்டையோ. அதன் பிறகு இரவு உணவு வரை தண்ணீர் மட்டும். இடையில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.

அந்த இடைவெளிதான் விளையாட்டுக்கு உரியது. 5 முதல் 17 வயது வரையிலானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அதில் குதித்தல், ஏறுதல் போன்று எலும்பையும் தசையையும் வலுவாக்கும் விளையாட்டுகள் இருக்க வேண்டும். ஒரே மூச்சில் 60 நிமிடங்கள் தேவையில்லை; பள்ளிக்கு நடப்பதும் சேரும். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் போதிய வேகம் இருக்கிறது என்று பொருள். “போய் விளையாடு” என்று சொல்வதால் மட்டும் எந்தக் குழந்தையும் எழுந்து போவதில்லை. முதல் சில நாட்கள் பந்தை எடுத்துக்கொண்டு நீங்களே கூடப் போங்கள், அல்லது அவன் வயதொத்த ஒருவனைத் துணைக்கு அழையுங்கள்.

அதட்டி ஊட்டுவதை இன்றே நிறுத்திவிடலாம். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோரும், எவ்வளவு என்பதைக் குழந்தையும் தீர்மானிக்கட்டும் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எல்லின் சாட்டரின் பகிர்வு முறையையே நான் பெற்றோருக்குப் பரிந்துரைக்கிறேன். அவனுக்குப் பிடித்த உணவின் ஓரத்தில் ஒரே ஒரு தேக்கரண்டி காய் வையுங்கள். சாப்பிடு என்றும் சொல்லாதீர்கள், சாப்பிட்டால் பாராட்டவும் வேண்டாம். முதலில் ஒதுக்குவான், பிறகு முகர்ந்து பார்ப்பான், ஒரு நாள் நுனியைக் கடித்துத் துப்புவான். துப்புவதும் முன்னேற்றமே. புதிய காய் ஒன்று பழகுவதற்கு 8 முதல் 15 முறை வரை தட்டில் வர வேண்டியிருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் நான்காம் முறையிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். காயைத் தின்றால் ஐஸ்கிரீம் என்ற பேரம், காய் ஒரு தண்டனை என்றே அவனுக்கு உணர்த்தும்.

தட்டில் பாதியை விட்டுவிட்டு, படுக்கும் நேரத்தில் பிஸ்கட் கேட்பான். கோபப்படாமல், அடுத்தது காலை உணவுதான் என்று சொல்லுங்கள். ஒரு வேளை குறைவாக உண்பதால் நலமாக உள்ள குழந்தைக்குத் தீங்கு வராது.

இந்த வயதில் ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 3 கிலோ எடையும் 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரமும் கூடும். ஆறு மாதமாக எடை ஏறாவிட்டாலோ, உண்ணும் உணவு வகைகள் குறைந்துகொண்டே வந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, சிறிது ஓடினாலே வெளிறிச் சோர்ந்தாலோ, பழைய எடை, உயரக் குறிப்புகளுடன் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.